பின்கதவில் வைத்த பெட்டி

தொண்ணூறுகளில் ஒரு குளிர்காலம். நாங்கள் ஊரைவிட்டு வந்து, எப்சம் என்ற வெளிநாட்டுப் புறநகரில் வாடகைக்கு இருந்தோம். மருமகனுக்குப் பக்கத்துப் பென்ரோஸில் கிடங்கு வேலை போய் இரண்டு மாதம். மகள் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, தனக்குப் பசியில்லை என்பாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலம் தெரியாது. வெளியாட்களைக் கண்டால் அறைக்குள் போய்விடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பின்கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மட்டைப் பெட்டி. அரிசி, கடலைப்பருப்பு, எண்ணெய், ஆப்பிள். இறைச்சி இல்லை, முட்டைகூட இல்லை. நாங்கள் சைவம் என்று அறிந்த யாரோதான். மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஆர் வைச்சதெண்டே தெரியாது. நாங்கள் என்ன பிச்சைக்காரரே?"

"பிள்ளையள் சாப்பிடட்டும். பிறகு ரோசப்படுவம்" என்றேன்.

பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அவள் கை வைக்கவில்லை.

அடுத்த வெள்ளி யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு வீடு தள்ளியிருந்த யூத அம்மா, என்னிலும் மூத்தவர், பெட்டியை வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் கள்ளர் மாதிரி நழுவிப் போனார்.

சாப்பாடு வந்த ஏனத்தை, அந்தப் பாத்திரத்தை, வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை. மட்டைப் பெட்டியும் ஏனம்தானே. திங்கட்கிழமை அந்தப் பருப்பிலேயே வடை சுட்டுப் பெட்டியில் வைத்து, கதைப்பதற்கு மகளையும் இழுத்துக்கொண்டு போய் அவருடைய முன்கதவைத் தட்டினேன். நானாகத் தட்டிய கதவுகள் என் வாழ்க்கையில் குறைவு.

பெட்டியைக் கண்டதும் அவர் முகம் சிவந்தது. மகளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். மகள் அதை எனக்குத் தமிழில் சொன்னாள்.

"நல்ல வேலை பாத்தியள் அம்மா. குடுத்தது ஆரெண்டு வாங்கினவைக்குத் தெரியக்கூடாதாம். வாங்கிறவை வெக்கப்படக்கூடாதெண்டுதானாம். வடையும் சாப்பிட ஏலாதாம், எங்கட சட்டியில சுட்டதை அவையின்ர சமயம் விடாதாம்."

நான் பெட்டியை என் பக்கம் இழுத்தேன். அவர் விடவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே இருத்தினார். மேசை நிறைய வெறும் பெட்டிகள்.

மகள் இதுதான் சமயம் என்று, இனிமேல் எங்களுக்கு வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். அவள் கையை ஆட்டிய விதத்திலேயே எனக்கு விளங்கியது. அந்த அம்மா கோபிக்கவில்லை. நிறைய நேரம் கதைத்தார். மகள் கேட்டுக் கேட்டு, கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"குடுக்கிறது இரக்கம் இல்லையாம், நியாயமாம். அவையின்ர முறையில, வாங்கிச் சாப்பிடுற ஏழையும் தன்னால ஏலுமானதை இன்னொருத்தருக்குக் குடுக்க வேணுமாம். தனக்கு முழங்கால் நோவாம், இனிப் படி ஏறித் திரிய ஏலாதாம். பெட்டி வைக்க நீங்கள் வருவியளோ எண்டு கேக்கிறா."

"ஓம் எண்டு சொல்லு."

"நீங்களோ? வாசலுக்கே வராத ஆள்!"

"அதுக்குத்தான் நான் சரி. கதவு திறக்க முன்னம் மறைய எனக்குத் தெரியும்."

அந்த வெள்ளி மத்தியானம் இருவரும் கைச்சாடையிலேயே பெட்டி கட்டினோம். வெள்ளி பொழுதுபட அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்கு முன் அவர் வீட்டில் விளக்கேற்ற வேண்டும், அதனால் அவசரம். அவர் காரில் இருப்பார். நான் படியேறி வைத்துவிட்டு ஓடி வருவேன். நாலு வீடு முடிந்தது. ஐந்தாவது பெட்டியைத் தந்து, எங்கள் வீட்டையே காட்டினார்.

வைத்துவிட்டு வேலிச்செடிக்குப் பின்னால் குனிந்தேன். மகள் கதவைத் திறந்தாள். செடி ஆடியதைப் பார்த்திருப்பாள்.

"ஆர் வைச்சதோ தெரியேல்லை" என்று உரத்துச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று அவளும் எங்களோடு இருந்து சாப்பிட்டாள்.