நாலு கட்டைக்குக் கீழே இறங்காதவன்

மெல்லிசைக் கச்சேரித் தொழிலில் மேளம், மைக், ஜிப்பா எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும், தொண்டை மட்டும் கிடைக்காது. பழைய பாட்டுப் பாடிப் பிழைக்கும் சக துன்பவாசிகளே, இதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

கோரிக்கை

நான் பாடகனாகப் பிறந்தவன் அல்ல. இருபது வருடம் பீடித் தொழிலாளர் சங்கத்துக்காகத் தெருமுனைகளில் பேசியவன். கூட்டம் கலையாமல் இருக்க நடுவில் ஒரு பழைய பாட்டு பாடுவேன். என்னோடு கொடி பிடித்தவர்கள் இன்று கார் வைத்திருக்கிறார்கள். என்னிடம் பொன்னாடைகள் இருக்கின்றன.

ஒருநாள் ஆலங்குளம் பக்கம், கூலி உயர்வு பற்றித் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தேன். மடியில் பீடித் தட்டோடு முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையை உயர்த்தினாள். கேள்வி கேட்கப் போகிறாள் என்று பூரித்துப்போனேன்.

"அண்ணாச்சி, கோரிக்கையெல்லாம் எங்களுக்கே தெரியும். நீங்க அந்தப் பாட்டைப் படிங்க."

ரசம்

பேச்சை விட்டுக் கச்சேரிக்கே வந்துவிட்ட பிறகு, மேடையேறியதும் ஒன்று சொல்வது என் வழக்கம்: "முப்பது வருடமாக அதே நாலு கட்டைச் சுருதி. அதற்குக் கீழே இறங்க மாட்டேன்." வயதானால் சுருதியை இறக்கிக்கொள்ளும் பாடகர்களைக் கருங்காலிகள் என்றே நினைத்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. நான் அதைச் சொல்லி முதல் பாட்டைப் பாடி முடிக்கவும், பெண்ணின் தகப்பனார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேகமாக மேடைக்கு வந்தார். கைகொடுக்க எழுந்தேன்.

"உம்ம சத்தத்துல, பந்தியில ரசம் கேட்டா பாயசம் ஊத்துதான் வே. கொஞ்சம் பைய படியும்."

எமன்

குலசேகரன்பட்டினம் தசரா. நேர்ந்துகொண்டு வேடம் கட்டியவர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். பாடி முடித்து இறங்கினேன். கரிய முகம், பெரிய மீசை, கையில் பாசக்கயிறோடு ஒரு எமன் வழி மறித்தார். ரசிகர் போலிருக்கிறது என்று சிரித்தேன். அவர் என் தொண்டையையே உற்றுப் பார்த்தார்.

"என்ன வே, வர வர உம்ம பாட்டு கெணத்துக்குள்ள இருந்து வருது?"

உவரி

எங்கள் கீபோர்டுக்காரன் செல்வினுக்குக் காய்ச்சல். உவரித் திருவிழாவுக்கு நாகர்கோவிலிலிருந்து வேறொருவர் வந்தார். வழக்கமான அறிவிப்பைச் சொல்லிவிட்டுத் தொடங்கினேன். பல்லவியிலேயே மூச்சு முட்டியது. சரணத்தில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் உடைந்து, வெறும் காற்று வந்தது. கடற்கரை முழுக்க ஜனம். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எத்தனை கட்டையில வே வாசிக்கீரு?" என்று அந்த மனிதர்மேல் பாய்ந்தேன். அவர் பயந்துபோய்க் கீபோர்டைக் காட்டினார்.

"நீங்க சொன்ன நாலு கட்டைதான், அண்ணாச்சி."

செல்வின்

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் செல்வின் வீட்டுக்குப் போனேன். போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். கேட்டதும் மறைக்கவில்லை. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி இறங்கிவிடுமாம். வருடத்துக்கு அரைக் கட்டை வீதம், எனக்குத் தெரியாமல் மூன்று வருடமாக இறக்கியிருக்கிறான். நான் இரண்டரைக் கட்டையில் நின்றுகொண்டு நாலு கட்டை என்று மார்தட்டியிருக்கிறேன். குழுவில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

"ஏம்லே எங்கிட்டச் சொல்லல?" என்று கத்தினேன். அந்தக் கத்தலும் பாதியில் உடைந்தது. செல்வின் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

"சொன்னா நீரு பாட்டையே விட்டிருப்பீரு, அண்ணாச்சி."

வாழ்நாள் முழுக்கச் சமரசத்தை எதிர்த்துத் துண்டறிக்கை எழுதியவன், என்னைக் கேட்காமல் ஒருவன் செய்துவைத்த சமரசத்தில் மூன்று வருடம் கைதட்டு வாங்கியிருக்கிறேன் என்பதால், அடுத்த கச்சேரிக்கு இரண்டரைக் கட்டை என்று நானே சொல்லி அந்தச் சமரசத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.