புளியமரம் இறங்கிய பேய்

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், பேருந்து நிறுத்தத்திலிருந்து வரும் குறுக்குப் பாதையில் நாலைந்து வாழைகள் கூட்டமாக நிற்கின்றன. பக்கத்து வீட்டு ரோஸ்னா அக்கா மலாய்க்காரர். பொழுது சாய்ந்துவிட்டால் அந்தப் பாதையில் வரமாட்டார். கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிக்கொண்டுதான் வருவார். நான் குடிவந்த புதிதில் ஒருநாள் இருவரும் ஒரே பேருந்திலிருந்து இறங்கினோம். நான் வாழைப் பக்கம் திரும்ப, அவர் எதிர்ப்பக்கம் திரும்பினார். "மஸ்கிட்டோ?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "யெஸ், யெஸ். மஸ்கிட்டோ. வெரி பேட்" என்றார். டெங்கிக் காய்ச்சலுக்கு இந்த ஊரார் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள் என்று திருச்சிக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன்.

நான் பயந்து வளர்ந்தது புளியமரத்துக்கு. பள்ளிக்கூடம் போகும் சாலையில் ஒரு புளி. பேயோட்டுகிறவர்கள் முடிக்கற்றையை வைத்து ஆணி அடித்து அடித்து, அதன் அடிமரம் முழுக்க இரும்பாக இருக்கும். உச்சிவேளையில் அதைக் கடக்க நேர்ந்தால் சைக்கிள் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு மிதிப்பேன். இரும்பு கையில் இருந்தால் அண்டாதாம். வாழைக்கு யார் பயப்படுவார்கள்? அதைக் கல்யாண வீட்டு வாசலில் கட்டுவோம்.

இங்கே ஞாயிறுதோறும், சிராங்கூன் சாலைக்குப் பின்தெருவில் ஒரு மளிகைக்கடை மாடியில் எங்கள் நாடகக் குழு ஒத்திகை பார்க்கிறது. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். நான் ஜூரோங்கில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். இயக்குநர் சேகர் அண்ணன் இங்கேயே பிறந்தவர்; ரயில் பராமரிப்பில் வேலை. பல வருடங்களாக எனக்குக் கொடுக்கப்பட்ட வேடம் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது. "உங்க தமிழ் ரொம்ப இந்தியா லா" என்பார் அண்ணன். மேடையேற வேண்டும் என்ற ஆசை நெஞ்சை அரித்தாலும் நான் கேட்டதில்லை.

இந்த முறை பேய்க் கதை. சாலையோரப் புளியமரத்தடியில் மல்லிகைப்பூ வைத்த பெண் நின்று, போகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் அந்தப் பழைய கதை. அண்ணன் என்னைப் பார்த்தார். "பேய்க்கு ஊர்த் தமிழ் வேணும். எங்க தமிழ்ல பேசினா பஸ்ல கார்டு டேப் பண்ணிட்டு வந்த மாதிரி இருக்கும். நீங்களே பண்ணுங்க." எனக்கு வாயெல்லாம் பல். அலுவலகக் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் தலையை விரித்துப் போட்டுப் பழகினேன்.

குடும்பத்தாரை மட்டும் அழைத்து வெள்ளோட்டம் பார்த்தோம். பலகையில் வெட்டி வரைந்த புளியமரத்தின் கீழிருந்து மெதுவாக வந்து, குழைந்த குரலில், "கொஞ்சம் சுண்ணாம்பு கிடைக்குமா?" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "டெக்கா மார்க்கெட்ல கிடைக்கும் லா!" என்றான். அரங்கமே சிரித்தது. முடிந்ததும் அன்பாகக் கைதட்டினார்கள். அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. பேயாக வந்தும் ஒருவரையும் பயமுறுத்த முடியாதவளை இவர்கள் இனி எதற்கு மேடையேற்றுவார்கள்? உடைமாற்றும் அறையில் மல்லிகையைப் பிய்த்துப் போட்டுவிட்டு அழுதேன்.

அடுத்த ஞாயிறு அண்ணன் சொன்னார்: "மரத்த மாத்திருவோம். வாழ."

"வாழையா? அது மங்கலமான மரம்ணே!"

"உங்க ஊர்ல. இங்க அதுலதான் அவ இருக்கா."

"எவ?"

"பேரச் சொல்லக்கூடாது லா" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். பகல் பதினொரு மணி. அப்போதுதான் ரோஸ்னா அக்காவின் கொசு என்னவென்று எனக்கு விளங்கியது.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். நான் இறங்க வேண்டியிருந்தது. வேடம் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று ஒப்புக்கொண்டேன். டெக்காவில் நிஜ வாழை மரம் இரண்டு வாங்கப் போனேன். கடைக்காரர், "கல்யாணமா?" என்றார். "பேய்க்கு" என்றேன். "குலை தள்ளினதா, தள்ளாததா?" என்று கேட்டார்.

நாடகத்துக்கு ரோஸ்னா அக்காவையும் அழைத்திருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. விளக்கு மெல்ல எரிந்து, இரண்டு வாழைகளும் தெரிந்தன. நான் அவற்றின் நடுவே நின்றேன். இன்னும் வாயே திறக்கவில்லை, அரங்கம் அடங்கிவிட்டது. ரோஸ்னா அக்கா கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டார். சுண்ணாம்பு கேட்டேன். யாரும் டெக்காவுக்கு வழி சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷத்தை நான் இந்த ஊரில் அனுபவித்ததில்லை. என் பின்கழுத்தில் இலை உரசியபோது மட்டும் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நாடகம் முடிந்து, இருட்டும் நேரத்தில் நாங்கள் இருவரும் ஒரே பேருந்தில் வந்து இறங்கினோம். அவர் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிப் போனார். நானும் அவர் பின்னாலேயே போனேன்.

சென்ற மாதம் திருச்சியில் தம்பியின் புதுமனை புகுவிழா. விடியுமுன்னே போய் இறங்கினேன். வீட்டுக்கு எதிரில், சாலையைத் தாண்டிப் பெரிய புளியமரம். அடிமரத்தில் ஆணிகள் கூட இருந்தன. அதில் சாய்ந்து நின்றுதான் கார்க்காரரை அனுப்பிவைத்தேன். பிறகு வாசலுக்குப் போனேன். பக்கத்துக்கு ஒன்றாகக் குலை தள்ளிய வாழைகள், காற்றே இல்லாமல் ஓர் இலை அசைந்தது. உள்ளே நாதஸ்வரம் வாசிக்கிறார்கள், தம்பி கையை ஆட்டிக் கூப்பிடுகிறான், எனக்குக் கால் எழவில்லை. சுவரோரமாகச் சுற்றிப் போய்ப் பின்கதவைத் தட்டினேன்.

பால் காய்ச்சும் அவசரத்தில் இருந்த தம்பி மனைவி கதவைத் திறந்தாள். "வாசல்ல எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க. ஏன் அண்ணி பின்பக்கமா வர்றீங்க?"

வெளியே இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. பெயரைச் சொல்லக்கூடாது.

"கொசு" என்றேன். "ரொம்ப மோசம்."