அப்பாவின் வேட்டியில் வந்து உட்கார்ந்தது

கஞ்சி போட்ட வேட்டியில் பூச்சிகள் வந்து மோதும் 'டப்டப்' சத்தம், மழை விட்ட ஐப்பசி இரவு என்றாலே இன்னும் என் காதில் கேட்கும். இரண்டாயிரம் பிறந்த சமயம். பென்னலூரில் எங்கள் வீட்டைச் சுற்றிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பின்பக்கம் மட்டும் ஏரிவரைக்கும் கும்மிருட்டு. விலங்கியல் படித்த அக்காவுக்குக் கல்லூரியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: வெள்ளைத் துணி கட்டி, விளக்குப் போட்டு, வருகிற 'ராப்பூச்சி'களையெல்லாம் குறித்துக்கொண்டு வர வேண்டும். வீட்டிலிருந்த ஒரே வெள்ளைத் துணி அப்பாவின் வேட்டி. லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போன அப்பா ஆடியிலிருந்து வரவில்லை, ஒரு தகவலும் இல்லை. அம்மா அந்த வேட்டியை வாராவாரம் துவைத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா கேட்டதும் என்ன நினைத்தாளோ, எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

முதலில் பொடிப்பொடியாக வந்தன. அக்கா டார்ச் அடித்து நிறம் சொல்ல, நான் எழுதினேன். காற்றே இல்லை. அப்புறம் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று வந்து வேட்டியின் நடுவில் உட்கார்ந்தது. அதன் முதுகில் ஒரு முகம் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மண்டையோட்டு முகம். அக்கா குச்சியால் லேசாகத் தொட்டாள். 'கீச்' என்று கத்தியது. பூச்சி எங்கேயாவது கத்துமா? நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான், காரியத்தைச் செய்துவிடலாம் என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டே இருந்தவர். அன்றும் அதற்காகத்தான் வந்திருந்தார். எட்டிப் பார்த்தவர் கைகூப்பிவிட்டார்.

"அண்ணந்தான் வந்துகீது, அண்ணி. வேட்டியத் தேடிக்கினு வந்துகீது பாருங்க. இன்னும் இன்னாத்துக்கு அடம்?"

செத்தவர்கள் பூச்சியாக வருவார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்பாவாகவே இருக்கட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். செத்திருந்தாலும் வந்துவிட்டாரே என்றிருந்தது.

அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பூச்சின்னு எழுதுடி," என்றாள்.

எழுதினேன். காரியம் நடக்கவில்லை. அப்பாவும் வரவில்லை.

இப்போது பின்பக்கத்தில் இருட்டு என்பதே கிடையாது. கம்பெனி மதில் விளக்குகள் விடிய விடிய எரிகின்றன, எங்கள் வீட்டு பல்புக்கு ஒரு பூச்சியும் வருவதில்லை. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, ஏதோ பழுதாகி அத்தனை விளக்கும் அணைந்தது. படுக்கையில் அம்மாவைக் காணோம். பதறிப்போய்ப் பின்பக்கம் ஓடினால், வெள்ளையடித்த சுவரில் டார்ச்சை அடித்துக்கொண்டு நிற்கிறாள். என்னம்மா என்றேன்.

"அன்னிக்கு அவ்ளோ தூரம் வந்தவர, வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லலையேடி," என்றாள்.