கம்பத்தை நிமிர்த்திய நாள்

மலாக்காப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம் புலாவ் செபாங் ரயிலடிக்கும் அலோர் காஜாவுக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி இருந்தது. அங்கே நான் தச்சு வேலை பார்த்தேன். பால் கொட்டகைக் கதவு, ரப்பர் தாள் காயப்போடும் பரண், ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை, ஆற்றுப் பாலம் என்று எது உடைந்தாலும் கணக்கெழுதும் கிராணி என்னைத்தான் தேடுவார். எல்லோருக்கும் நான் ஆசாரி. மனைவி ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாள். எங்களுக்கு ஒரே பெண் குழந்தை.

தோட்டத்து மானேஜர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர் லீவில் சீமைக்குப் போய்த் திரும்பியபோது நான்கு பெரிய மரப்பெட்டிகளும் கூடவே வந்தன. அவற்றைத் திறக்க என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். வைக்கோலுக்குள் கண்ணாடிக் குமிழ்களும், செம்புக் கம்பிச் சுருள்களும், முட்டை முட்டையாகப் பீங்கான் கட்டிகளும் இருந்தன. கம்பியில்லாத் தந்தி என்றார் கிராணி. சர்க்காரிடம் அனுமதி வாங்கி வந்திருந்தார் துரை. தோட்டத்து வேலைக்காக இல்லை, தன் ஆசைக்காக. அவரைப் போலவே வீட்டில் யந்திரம் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் தேடிப் பேசுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்களாம். துரைக்குக் கல்யாணம் ஆகவில்லை. குன்றின்மேல் அந்தப் பங்களாவில் சமையல்காரனையும் ஒரு நாயையும் விட்டால் அவருக்குத் துணை கிடையாது.

“ஆசாரி, கம்பி கட்டக் கம்பம் வேணும். எம்பது அடி. நீ செய்வியா?” என்று கேட்டார். அவருடையது பரீட்சைக்காகப் படித்த தமிழ். யாராக இருந்தாலும் ‘நீ’தான்.

எண்பது அடி மரத்தை நான் எங்கே பார்த்தேன்? ஆனாலும் “செய்றேன் தொரை” என்று சொல்லிவிட்டேன்.

மூன்று மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தேன். அடிமரம் பருத்தது, மேலே போகப்போக மெலிந்தது. நிலத்தில் புதைத்தால் கரையான் விடாது என்பதால் இரண்டு கெட்டியான முளைகளை நட்டு, நடுவே கம்பத்தின் காலை வைத்து, குறுக்கே ஒரு பெரிய போல்ட்டைக் கோத்தேன். நாலா பக்கமும் இழுத்துப் பிடிக்க ஸ்டே கம்பிகள். அவற்றை நீளமாக விடக்கூடாது, இடையிடையே வெட்டிப் பீங்கான் முட்டை வைத்து முடிய வேண்டும் என்றார் துரை.

“வெட்டுனா பலம் கொறையுமே தொரை?”

“வெட்டலேன்னா அந்தக் கம்பி என் பேச்ச தின்னுடும்” என்று சிரித்தார்.

முதல் தடவை தூக்கியபோது பாதி எழுந்த கம்பம் இரண்டாவது இணைப்பில் முறிந்து விழுந்தது. முப்பது பேர் கயிற்றை விட்டுவிட்டு ஓடினோம். யாருக்கும் அடி இல்லை. ஒரு வாரம் கழித்து, இணைப்பை ஒரு ஆள் உயரத்துக்கு நீட்டி, உதவிக்கு ஒரு குட்டைக் கம்பத்தையும் நிறுத்தி மறுபடி தூக்கினோம். இந்தத் தடவை நின்றது. உச்சியிலிருந்து பங்களாவுக்குப் பின்னால் இருந்த காட்டுமரம் வரைக்கும் செம்புக் கம்பியை இழுத்தோம். காற்றில் மரம் ஆடினால் கம்பி அறுந்துவிடும் என்று, அந்த முனையைக் கப்பியில் விட்டு ஒரு வாளிக் கல்லைத் தொங்கவிட்டது என் யோசனை. துரை என் தோளில் தட்டினார். அன்று லயத்துக்குத் திரும்பும்போது கால் தரையில் படவில்லை. மனைவியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்று அண்ணாந்து பார்த்தவள், “இதுல ஏறப்போறது யாரு?” என்று மட்டும் கேட்டாள்.

நான்தான் ஏறினேன். படிக்கட்டையாகச் சின்னச் சின்னத் துண்டுகளை அடித்து, இடுப்பில் கயிறு கட்டி வாரம் ஒரு தடவை உச்சி வரைக்கும் போவேன். மழையில் கயிறு சுருங்கும், வெயிலில் தளரும். ஸ்டே கம்பியில் துரு ஏறும். கப்பி சிக்கிக்கொள்ளும், குரங்கு வந்து தொங்கும். நட்டு நிறுத்தியதோடு தீர்ந்துவிடும் வேலை இல்லை அது. தினமும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய நோயாளி மாதிரி. கொஞ்ச நாளில் துரைக்கு வெளிநாடுகளிலிருந்து அட்டைகள் வரத் தொடங்கின. உன் குரல் இங்கே கேட்டது என்று எழுதிப் போடுவார்களாம். சுவரில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். “பாரு ஆசாரி, ஒன் கம்பம் நியூசிலாந்து போச்சு” என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினார். ஒன் கம்பம் என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறியிருப்பேன்.

குழந்தைக்கு மூன்று வயது முடிந்திருந்த சமயம். ஒரு சாயங்காலம் பெரிய காற்றும் மழையும் அடித்தன. மறுநாள் காலையில் கம்பம் மேற்கே சாய்ந்து நின்றது. மேல் ஸ்டே ஒன்று அறுந்து போயிருந்தது. அதே காலையில் குழந்தையின் உடம்பு கொதித்தது. தோட்டத்து டிரெஸ்ஸர் வந்து பார்த்து, குளிர்காய்ச்சல் என்று கொயினா கொடுத்தார். “மத்தியானத்துக்குள்ள எறங்கலேன்னா அலோர் காஜா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க” என்றார்.

நான் பங்களாவுக்குப் போனேன். துரை கம்பத்தடியில் நின்றிருந்தார். “ஆசாரி, இன்னைக்கு நாலு மணிக்கு ஆஸ்திரேலியாக்காரன் காத்திருப்பான். முடியுமா?”

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்து, குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரண்டே சொல். நான் சொன்னது, “முடியும் தொரை.”

அவர் ஆபீசுக்குப் போய்விட்டார். தூரத்தில் ஸ்டேக்களைப் பிடித்துக்கொள்ள ஆறு பேரை நிறுத்திவிட்டு நான் ஏறினேன். பழைய கம்பியை அவிழ்த்துப் புதியதை முடிவதற்குள் வெயில் தலைக்கு நேரே வந்துவிட்டது. கீழே மனைவி வந்து நின்றாள். தலையில் துணிகூடப் போடவில்லை.

“ஏங்க! புள்ளைக்குக் காய்ச்சல் எறங்கலீங்க. கண்ணு ஒரு மாதிரி சொருகுது. எறங்கி வாங்க!”

இரண்டு போல்ட் பாக்கி இருந்தது. இறங்கி மறுபடி ஏற வேண்டுமே என்று நினைத்தேன். நான் முடியும் என்று சொன்ன வேலை அரைகுறையாக நிற்குமே என்றும் நினைத்தேன். இதில் எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உச்சியிலிருந்து கத்தினேன்.

“தொரைகிட்டக் கேட்டேன். விடமாட்டேங்குறாரு. வேலைய முடிச்சிட்டு வந்துர்றேன், போ!”

 அவள் திரும்பி ஓடினாள்.

போல்ட்டை முடுக்கி, ஆறு பேரும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கம்பம் நேராக நிமிர்ந்தபோது மூன்று மணி தாண்டியிருக்கும். துரை வந்து பார்த்துவிட்டு, “பிரமாதம்!” என்று சொல்லி உள்ளே போனார். நான் லயத்துக்கு ஓடினேன். குழந்தைக்கு ஜன்னி கண்டிருந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. டிரெஸ்ஸர் என்னைப் பார்த்து, “எங்கய்யா போயிருந்த? இப்பவே தூக்கு” என்று கத்தினார்.

மனைவி என் கையைப் பிடித்தாள். “ஓடிப் போயி தொரைகிட்ட மோட்டார் கேளுங்க. கால்ல விழுந்தாவது கேளுங்க.”

பங்களா கூப்பிடு தூரம்தான். மோட்டார் அதன் முகப்பில் நின்றதை நானே பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் போய்க் கேட்டால், காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பார். நான் கேட்கவே இல்லை என்பது இவளுக்குத் தெரிந்துவிடும். அந்த நிமிஷத்தில் என் புத்தி அப்படித்தான் ஓடியது. “அவரு தரமாட்டாரு புள்ள” என்று சொல்லிவிட்டு, மாட்டு வண்டிக்கு ஓடினேன்.

செம்மண் பாதை முழுவதும் மழைச் சேறு. சக்கரம் இரண்டு இடத்தில் புதைந்தது, தோள் கொடுத்துத் தூக்கினேன். பெரிய சாலை ஏறி, அலோர் காஜாவுக்கு இன்னும் இரண்டு மைல் இருக்கும்போது குழந்தையின் இழுப்பு நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மனைவி குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். வண்டிக்காரரிடம், “அண்ணே, திருப்புங்க” என்றாள். 

மறுநாள் காலை, வாசலில் ஆட்கள் கூடியிருந்த நேரத்தில் துரை வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். குழந்தை கிடந்த பாயைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துபோயிருந்தது.

“ஆசாரி, ஏன் நீ எனக்குச் சொல்லல? மோட்டார் சும்மா நின்னுது. நானே ஓட்டிப் போயிருப்பேன். ஏன் சொல்லல?”

நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அவருடைய உடைந்த தமிழ் அன்று எல்லோருக்கும் தெளிவாகப் புரிந்தது. மனைவி குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆற்றோரத்து இடுகாட்டில் குழந்தையைப் புதைத்தோம்.

அதற்குப் பிறகும் அவள் சமைத்தாள், வேலைக்குப் போனாள், என் துணியைத் துவைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. லயத்தில் பெண்கள், அந்தக் கம்பம் காவு வாங்கிவிட்டது, இடியை இழுக்கிற மரத்தை நட்டது யார் குற்றம் என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் ஒரு கிழவி இதை அவள் காதுபடவே சொன்னாள்.

“கம்பம் என்னக்கா பண்ணும்? அது மரம்” என்றாள் அவள். நான் உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பழியைக் கம்பத்தின்மேல் போட அவள் சம்மதித்திருந்தால் எனக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடைத்திருக்கும்.

ரப்பர் விலை விழுந்தது. பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள். ஆட்களைக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பப் பட்டியல் எழுதினார்கள். என் பெயர் அதில் இல்லை. கம்பத்தில் ஏற ஆள் வேண்டும் என்று துரை நிறுத்தி வைத்துவிட்டார். மனைவி தானாகவே கிராணியிடம் போய்த் தன் பெயரை எழுதச் சொன்னாள். கிராணி என்னைக் கூப்பிட்டு, “என்னய்யா இது, சம்சாரம் மட்டும் தனியா போகுதாம்லா?” என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

“நானும் வர்றேன். தொரைகிட்டச் சொல்லிட்டு வந்துர்றேன்” என்றேன் அவளிடம்.

“வேணாங்க” என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். “நீங்க வந்தா ஊர்லயும் இதே மாதிரிதான் இருக்கணும். என்னால முடியலீங்க.”

புலாவ் செபாங் ரயிலடி வரைக்கும் போனேன். பினாங்கு போய்க் கப்பல் ஏற வேண்டிய கூட்டம் மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருந்தது. அவள் ஒரு தகரப்பெட்டி மட்டும் எடுத்துக்கொண்டாள். ரயில் வந்ததும் அதை வாங்கி உள்ளே வைத்தேன். “உடம்பப் பாத்துக்குங்க” என்றாள். அவ்வளவுதான்.

நான் தொடர்ந்து ஏறினேன். வேறு என்ன செய்வது? ஒரு தடவை இடுப்புக் கயிற்றைக் கட்டாமலே உச்சி வரைக்கும் போய்விட்டேன். மறந்துபோய் அல்ல. மேலே கொஞ்ச நேரம் நின்றேன். கீழே காலியான லயங்கள், வெட்டாத மரங்கள். பிறகு கப்பிக்கு எண்ணெய் விட்டு இறங்கி வந்தேன். செத்துப்போவதற்குக்கூட எனக்கு மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை.

அடுத்த வருஷம் துரையின் வேலையும் போயிற்று. யந்திரத்தைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்துக் கொடுத்தேன். கம்பத்தை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. புதிதாக வந்த துரைக்கு அது கண்ணை உறுத்தியது. நானே ஸ்டேக்களைத் தளர்த்தி மெல்ல மெல்லப் படுக்கவைத்தேன். நல்ல மரமாக இருந்த துண்டுகளை லயத்துக் கூரைக்கு எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் சீட்டுக் கிழிந்தது. மலாக்காவுக்குப் போய்த் தெங்கேராவில் ஒரு சீனர் மேசை நாற்காலிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

மனைவிக்கு மூன்று கடிதம் எழுதிப் போட்டேன். இரண்டு வருஷம் கழித்து ஒரே ஒரு பதில் வந்தது. அவளுடைய அண்ணன் எழுதியிருந்தார். அவள் நலம். இனிமேல் எழுத வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கச் சொன்னாள்: குழந்தையைப் புதைத்த இடத்தை யாராவது பார்த்துக்கொள்கிறார்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அலோர் காஜா வழியாகப் போய், பெரிய சாலையில் இறங்கி உள்ளே நடந்தேன். லயத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஆறு கரையை அரித்திருந்தது. இடுகாடு முழுவதும் ஆள் உயரத்துக்கு லாலான் புல். அடையாளத்துக்கு வைத்த கல்லைத் தேடிச் சாயங்காலம் வரைக்கும் கையால் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் அறுபட்டு ரத்தம் கசிந்ததுதான் மிச்சம்.

இடம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடலாமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கடைசியில், தேடினேன், இடம் தெரியவில்லை என்று உள்ளதை எழுதினேன். பதில் வரவில்லை.