அம்மாவின் ஊதுகுழல்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தது அப்பா. அம்மா. அம்மாவின் தம்பி, லேத் பட்டறையில் வேலை பார்த்த என் மாமா. தையல் பழகிக்கொண்டிருந்த அக்கா. நான். கட்டிலின் மேல் அப்பாவின் துப்பாக்கி. அதையும் ஒரு ஆளாகத்தான் சொல்லவேண்டும். எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டது அதுதான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்பா பட்டாளத்திலிருந்து திரும்பியவர். சிவகங்கைப் பக்கம். ஊரில் மழை இல்லாமல் திருப்பூருக்கு வந்தோம். அவிநாசிபாளையம் போகும் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் அப்பாவுக்குக் காவல் வேலை. வெறும் ஆளுக்கு அந்த வேலை கிடையாது. லைசென்ஸோடு சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவருக்குத்தான். இருக்க லைன் வீடும் கொடுத்தார்கள். சனிக்கிழமை சம்பள நாள். முதலாளி காரில் பாங்குக்குப் போய்ப் பணம் எடுத்து வருவார். முன்சீட்டில் அப்பா, முழங்காலுக்கு நடுவில் துப்பாக்கி.

ரவைகள் சிதறிப் பாயும் ஒற்றைக்குழல். நீளமானது. நிமிர்த்தினால் காரின் கூரையில் இடிக்கும். அதனால் சாய்த்து, நுனியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைப்பார்.

ஒரு சனிக்கிழமை நாலைந்து குடிகாரர்கள் காரை மறித்து பானட்டைத் தட்டினார்கள். அப்பா இறங்கப் பார்த்தார். குழல் கதவில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்து எடுப்பதற்குள் அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். பணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சம்பளத்துக்கு நின்றவர்கள் முன்னால் வைத்து முதலாளி சொன்னார்:

"ஏனுங்க, நீங்க அதை வெளிய எடுக்கறதுக்குள்ள திருடன் ஊட்டுக்குப் போயி, சோறு உண்டு, கை கழுவியிருப்பானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, சின்னத் துப்பாக்கி இருந்தால் தேவலை என்றும், அருள்புரத்தில் அப்படி ஒரு ஆள் வேலை கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னாராம். வேலை போனால் வீடும் போகும்.

அப்பா அதிகம் பேசமாட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் பேசினார். பட்டாளத்தில் அப்பா லாரி ஓட்டியவர். டிரைவருக்குக் கார்பைன் கொடுப்பார்களாம். குட்டை, லேசு. சீட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும், ஒரு கையால் தூக்கிக்கொண்டு குதிக்கலாம். ஆனால் எட்ட இருப்பவனுக்கு அதனால் பயம் இல்லை. அதற்கு ரைபிள் வேண்டும். ரைபிள் தூரம் போகும், லாரிக்குள் திரும்பாது.

"வண்டில உக்கார்றவனுக்குக் கார்பைன். மலையில நிக்கிறவனுக்கு ரைபிள். ரெண்டையும் ஒண்ணாக் கேட்டா ஒருத்தனும் குடுக்கமாட்டான், மாப்ளே."

அப்படியென்றால் கார்பைனே வாங்கிவிடலாமே என்றார் மாமா. அதெல்லாம் பட்டாளத்துக்கும் போலீசுக்கும்தான், நம்மை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்றார் அப்பா.

"அப்ப இதையே கார்பைன் ஆக்கிருவோம் மச்சான். இரும்புதான?"

அம்மா வேண்டாம் என்றாள். சர்க்காருக்குக் கணக்கு உள்ள சாமான் என்றாள். அப்பா அதை யோசித்து வைத்திருந்தார். லைசென்சில் எழுதியிருப்பது நம்பர். நம்பர் அடித்திருப்பது பின்னால். அறுக்கப்போவது முன்னால். நம்பரைத் தொடப்போவதில்லை, பிறகென்ன தப்பு? எங்களுக்கும் அது சரியாகவே பட்டது.

அக்கா இஞ்சு டேப்பைக் கொண்டுவந்தாள். ஒரு நுனியை நான் பிடித்தேன். கார்பைன் இவ்வளவு இருக்கும் என்று அப்பா கையை விரித்துக் காட்டினார். எவ்வளவு அறுக்கவேண்டும் என்று மாமா கணக்கைச் சத்தமாகச் சொல்லி, சாக்பீசால் கோடு போட்டார். மத்தியானச் சோற்றுக்குள் வேலை முடிந்தது. அறுபட்ட துண்டை எனக்குக் கொடுத்தார்கள். சூடாக இருந்தது. வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். அவளுடைய பழைய அடுப்பு ஊதுகுழல் ஓட்டை விழுந்து கிடந்தது. நல்ல இரும்பு, இது என் காலத்துக்கும் வரும் என்றாள்.

சாயப்பட்டறைக்குப் பின்னால் ஆளில்லாத ஓடைக்கரையில் அப்பா சுட்டுப் பார்த்தார். நானும் போயிருந்தேன். கம்பெனி அட்டைப்பெட்டியைக் கிட்டத்தில் வைத்துச் சுட்டபோது பெட்டி கிழிந்தது. தள்ளி வைத்துச் சுட்டபோது அம்மை போட்ட முகம் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓட்டை. பாதி ரவை பெட்டியிலேயே படவில்லை. சத்தம் மட்டும் முன்னைவிடப் பெரிது. அப்பா அந்த ஓட்டைகளை விரலால் தொட்டு எண்ணினார்.

"கிட்ட வந்தவனுக்கு ஆகும். எட்ட நிக்கிறவனுக்கு வெறும் வேட்டு."

முதலாளிக்குப் பிடித்துப்போயிற்று. இப்போதுதான் காருக்குத் தகுந்த துப்பாக்கி என்றாராம். அந்தத் தீபாவளிக்கு எனக்கும் அக்காவுக்கும் பாவாடைத்துணி கொடுத்தனுப்பினார்.

அப்புறம் எலக்‌ஷன் வந்தது. எலக்‌ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும். ஓட்டு எண்ணி முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சாக்குச் சொல்லி நாளைக் கடத்துகிறவர்கள் இருந்தார்கள். அப்பா முதல் நாளே கிளம்பினார். எண்ணெய் போட்டுத் துடைத்து, கழிவுப் பனியன் துணியில் சுற்றி, பட்டாளத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஜீப்பில் வந்தார்.

குழலைக் குறைப்பதே குற்றமாம். நம்பர் எங்கே இருந்தாலும் குற்றமாம். நம்பரைத் தொடவில்லை என்பதையே அப்பா ஸ்டேஷனில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். முதலாளியையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"நா அறுக்கச் சொல்லலீங்க சார். சின்னதா இருந்தாத் தேவலைன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேனுங்க. பட்டாளத்துல இருந்தவரு, இவருக்குச் சட்டம் தெரியாதுங்களா?"

அவர் சொன்னது பொய்யும் இல்லை.

துப்பாக்கி போயிற்று. லைசென்ஸ் போயிற்று. வேலையும் வீடும் ஒரே வாரத்தில் போயின. மாமா பேரும் கேசில் இருந்தது. எங்கோ போனவர் திரும்பவே இல்லை. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பனியனுக்குப் பிசிறு வெட்ட அனுப்பினார்கள். வாய்தா வாய்தாவாக அப்பா கோர்ட்டுக்கு நடந்தார். தீர்ப்பு வருமுன் இறந்துபோனார். கடைசி வரைக்கும் காருக்கு எந்தத் துப்பாக்கி, மலைக்கு எந்தத் துப்பாக்கி என்று அவர் யாரிடமும் பேசவில்லை.

ஜீப் வந்த சாயங்காலம் அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அறுத்த துண்டு எங்கே என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். அப்பா அடுப்பைப் பார்த்தார். அம்மா கையிலிருந்ததை முந்தானையால் கரி போகத் துடைத்து நீட்டினாள். அடுப்பு புகைந்தது.

அளப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று ஏட்டு கேட்டார். அக்கா அதே டேப்பை எடுத்துவந்தாள். போலீசே எங்கள் வீட்டு டேப்பைக் கேட்கிறது என்று எனக்குப் பெருமை. ஓடிப்போய் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டேன். மாமா அன்று சொன்ன கணக்கு எனக்கு நினைவிருந்தது. ஏட்டு குனிந்து பார்ப்பதற்குள், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஏட்டு எழுதிக்கொண்டார். அப்பா என் தலையில் கையை வைத்தார். மெச்சுகிறார் என்று நினைத்தேன்.

பதினோரு அங்குலம்.