ஷீலாவைப் பற்றிக் கேட்டபோது

ஆபீஸில் ஆள் நிற்காது என்ற பயம் நீலாவதிக்குச் சுனாமிக்குப் பிறகுதான் வந்தது. சி.ஏ. முடித்தவர், கணவருக்கு அரசாங்க வேலை கிடைத்ததால் விருதுநகரிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்தவர். அபர்தீன் பஜாரில் ஒரு துணிக்கடை மாடியில் சின்னதாக ஆடிட் ஆபீஸ் வைத்திருந்தார். அவரோடு சேர்த்து நான்கு பேர். வியாபாரிகளும் காண்டிராக்டர்களும் ஃபீஸ் விஷயத்தில் கெட்டி, அதனால் ஆபீஸில் சம்பளமும் சொற்பம். யாரும் குறை சொன்னதில்லை. வேறு போக்கிடம் இல்லாததுதான் காரணம் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

அலை வந்து போன சில மாதங்களில் மேன்லேண்டிலிருந்து தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. நன்கொடைக்குக் கணக்குக் காட்ட அவர்களுக்கு டேலி மென்பொருளில் கணக்கு எழுதத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். நீலாவதி மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்த வேலைக்கு அவர்கள் பதினோராயிரம் கொடுத்தார்கள். அந்த ஒரு மழைக்காலத்திலேயே இரண்டு பேர் போய்விட்டார்கள். மிஞ்சியது ஷீலா ஒருத்திதான்.

ஷீலாவின் பெற்றோர் இலங்கை மலையகத்திலிருந்து வந்து நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். அலைக்குப் பிறகு தகரக் கொட்டகையில் இருந்தார்கள். ஷீலா போர்ட் பிளேருக்கு வெளியே கராச்சர்மாவில் ஒரு அறையில் தங்கி, பஸ் பிடித்து வேலைக்கு வந்தாள். தங்கை ராஜகுமாரிக்கு மதுரையில் நர்ஸிங் சீட் கிடைத்திருந்தது.

"மேடம், கொஞ்சம் கூட்டிக் குடுத்தீங்கன்னா தங்கச்சிக்கு ஃபீஸ் கட்டிருவேங்க," என்று ஒருநாள் கேட்டாள்.

"மார்ச் முடியட்டும்மா. எனக்கு மட்டும் கொடுக்க ஆசையில்லையா?"

"அச்சா மேடம்," என்று சொல்லிவிட்டு ஷீலா தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஸ்ரீதர் என்ற நிதி மேலாளர் நீலாவதிக்குப் போன் செய்தார். ஷீலா விண்ணப்பம் போட்டிருக்கிறாள், பெண் எப்படி என்று கேட்டார். நீலாவதி ஜன்னல் வழியே பார்த்தார். கீழே ஷீலா ஒரு காண்டிராக்டரின் பில் கட்டைக் கையில் அணைத்துக்கொண்டு, மழைக்குத் தலையைக் குனிந்தபடி ஓடி வந்துகொண்டிருந்தாள். இவளும் போனால் ஆபீஸை மூட வேண்டியதுதான்.

"நல்ல பொண்ணு சார். வவுச்சர் போடுவா. பேலன்ஸ் ஷீட் எல்லாம் தனியாச் செய்யத் தெரியாது. கூடவே ஆள் நிக்கணும்."

அந்த வருஷம் ஆபீஸிலிருந்து போன பேலன்ஸ் ஷீட்டுகளில் பாதி ஷீலா போட்டவை.

அந்த வேலை ஷீலாவுக்குக் கிடைக்கவில்லை. ஃபீஸ் கட்ட வழியில்லாமல் ராஜகுமாரியின் சீட் கைவிட்டுப் போயிற்று. மறுவருஷமே அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க வந்த ஷீலா, "படிப்புக்கு அவளுக்குக் குடுப்பினை இல்லீங்க," என்றாள். நீலாவதி சொன்னபடி மார்ச் முடிந்ததும் சம்பளம் கூட்டியிருந்தார். ஐந்நூறு ரூபாய்.

மூன்று வருஷம் ஓடியது. தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. ஸ்ரீதர் தன் நிறுவனத்தின் கடைசி ஆடிட்டை நீலாவதியிடமே கொண்டுவந்தார். வேலை முடிந்த அன்று ஃபைலைப் புரட்டிப் பார்த்து வியந்தார்.

"இவ்வளவு சுத்தமா யார் பண்ணது?"

"நான்தாங்க," என்றாள் ஷீலா.

"நீங்க மட்டுமா? அப்போ உங்களுக்குத் தனியாச் செய்ய வராதுன்னு மேடம் சொன்னாங்களே! இல்லேன்னா அன்னிக்கே உங்களை எடுத்திருப்போமே."

அவர் வெள்ளந்தியாகத்தான் சொன்னார். நீலாவதிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஷீலா ஃபைலைக் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

அந்த மாதம் முழுக்க வேலைக்கு வந்து, பாக்கி எல்லாவற்றையும் முடித்து, கடைசி நாளில் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"சம்பளம் கூட்ட முடியலைங்கிறது எனக்குப் புரிஞ்சதுங்க. போகாதேன்னு சொல்லியிருந்தாக்கூட இருந்திருப்பேன். ஆனா எனக்கு வேலை தெரியாதுன்னு சொல்லிட்டீங்களே."

ஷீலா படியிறங்கிப் போனாள்.

அதன்பின் வந்தவர்கள் மூன்று மாதம்கூடத் தங்கவில்லை. ஜெயலட்சுமி என்ற பெண் மட்டும் சேரும்போதே கேட்டாள்: "மேடம், அஞ்சு வருஷம் இங்க இருந்தா நான் என்ன ஆவேன்?" அந்தக் கேள்வி நீலாவதியை விடவில்லை. ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு வாடிக்கையாளராகப் பார்த்து, ஃபீஸை உயர்த்தப் போவதாகச் சொன்னார். இரண்டு பேர் விலகினார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் சம்பளம் இரட்டிப்பாயிற்று. பரீட்சைக்குச் சம்பளத்தோடு லீவு. ஊருக்குக் கப்பல் இருக்கும் நாளில் முன்கூட்டியே போகலாம். தாங்கள் பிடித்து வரும் புதுக் கணக்கின் ஃபீஸில் அவரவருக்குப் பங்கு. ஆட்கள் நின்றார்கள். இவ்வளவு சுலபமாக முடிந்ததை நினைத்தால்தான் நீலாவதிக்கு உறுத்தியது. இதே பேச்சைச் சுனாமி வந்த வருஷமே பேசியிருக்கலாம். நாலு வியாபாரிகளின் முகம் கோணும் என்று பயந்து ஒரு பெண்ணின் வாழ்வைக் கோணலாக்கிவிட்டோமே என்று பலநாள் தன்னையே நொந்துகொண்டார்.

2013-ல் வடக்கே மாயாபந்தருக்குப் பஸ் ஏறினார். ஷீலா அங்கே ஜெட்டிக்குப் பக்கத்தில் சொந்தமாக வரிக்கணக்கு ஆபீஸ் நடத்துவதாகக் கேள்விப்பட்டிருந்தார். நாள் முழுக்கக் குலுங்கி வந்து இறங்கியபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒரே அறை, இரண்டு பெண்கள் கம்ப்யூட்டர் முன்னால். ஷீலா எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"பார்ட்னரா வந்துடு ஷீலா. பாதிக்குப் பாதி. நான் செஞ்சது பாவம்மா, மன்னிச்சுடு."

ஷீலா கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"பார்ட்னர் எல்லாம் வேணாங்க. இந்தப் புள்ளைங்களை விட்டுட்டு எங்க வர்றது? மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீங்க நிம்மதியாப் போயிருவீங்க. ஆனா ராஜகுமாரி முகத்தைப் பாக்கிறப்பல்லாம் எனக்கு அது வரமாட்டேங்குது மேடம். பொய் சொல்ல முடியலீங்க."

பிறகு அவளே மீன்குழம்பும் சோறும் வரவழைத்து, இலை போட்டு எதிரில் வைத்தாள். "பசியோட வந்திருப்பீங்க, சாப்பிடுங்க."

வாசலில் ஒரு பெங்காலிக் கடைக்காரர் "தீதி!" என்று கூப்பிட்டார். ஷீலா அவருடைய காகிதங்களை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நீலாவதி இலையில் கைவைத்து, ஒரு வாய்கூட எடுக்க முடியாமல், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.