கம்பெனி பஸ்ஸில் ஏறிய நர்சம்மா

"பொண்ணுக்குப் பத்தொம்பது முடிஞ்சிருச்சு நர்சம்மா" என்று கோவிந்தம்மாள் சொன்னபோது கிறிஸ்டினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருகிட்ட கதை விடுற? அதுக்கு மொத தடுப்பூசி போட்டதே நான்தான். பதினேழுதான் நடக்குது."

குடியாத்தம் பக்கத்தில் அந்த ஊருக்குக் கிறிஸ்டினா கிராமச் செவிலியராக வந்து பதினெட்டு வருடமாகிறது. ஊரில் பாதிப் பிள்ளைகளின் பிறந்த தேதி அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது. கோவிந்தம்மாளின் மகள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த சௌமியாவுக்குக் கல்யாணம் என்று காதில் விழுந்ததுமே ஓடிப்போய் எச்சரித்திருந்தாள். "அது நின்னு போச்சு" என்றார்கள். நிற்கவில்லை. வெளியூர்க் கோயிலில் கமுக்கமாகத் தாலி கட்டியிருந்தார்கள். இப்போது சௌமியா மூன்று மாதம். மசக்கைக்குத் தாய் வீடு வந்திருந்தாள்.

கிறிஸ்டினா சட்டப்படி தகவல் கொடுத்தாள். மாப்பிள்ளை மேல் வழக்குப் பதிவானது. மறுநாளிலிருந்து ஊர் அவளுக்குக் கதவைச் சாத்தியது. கர்ப்பிணிகளைப் பார்க்கப் போனால், "பொண்ணு ஊர்லயே இல்ல" என்று பதில் வந்தது. உள்ளே இருமுகிற சத்தம் வாசல் வரை கேட்கும்!

சௌமியாவுக்கு ரத்தம் ஏழு கிராம்தான் இருந்தது. கிறிஸ்டினா வாரம் தவறாமல் போய் ஜன்னல் வழியாகச் சத்து மாத்திரை நீட்டினாள். ஒருநாள் சௌமியா மெதுவாகக் கேட்டாள்: "நர்சம்மா, ஸ்கூல்ல என் பேர அடிச்சிட்டாங்களா?"

அன்று இரவெல்லாம் புழுங்கிய கிறிஸ்டினா, விடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் கோவிந்தம்மாளைப் பிடித்தாள்.

"படிக்கிற பொண்ண ஏம்மா இப்படிப் பண்ண?"

"ஆறரைக்கு ஷூ கம்பெனி பஸ் ஏறுனா ராத்திரி ஏழரைக்குத்தான் திரும்பி வர்றேன். அதுவரைக்கும் வயசுப் பொண்ண யாரு பாத்துக்குவா? நீ பாத்துக்குவியா?"

அதற்குள் பஸ் வந்தது. வந்த ஆத்திரத்தில் கிறிஸ்டினாவும் ஏறிவிட்டாள். உள்ளே நாற்பது பெண்கள், எல்லாரும் அம்மாக்கள். ஆம்பூர் போய்ச் சேரும்வரை பேசினாள். சின்ன வயதில் பிள்ளை பெற்றால் உடம்பு என்ன ஆகும், படிப்பை விட்டால் என்ன ஆகும் என்று தொண்டை கட்டும்வரை சொன்னாள்.

"தூங்குறதே இந்த நேரந்தான் மேடம். பேஜார் பண்ணாதீங்க" என்றாள் ஒருத்தி.

மறுநாளும் ஏறினாள். எட்டு நாள் ஏறினாள். திரும்புவதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும்; தாமதமாக வந்ததற்கு மேலதிகாரியிடம் திட்டு வேறு. ஒன்பதாம் நாள், தையல் பிரிவில் வேலை பார்க்கும் பில்கிஸ் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"இத்தினி நாளா கத்துறீங்களே சிஸ்டர், சாயங்காலம் எங்க பொண்ணுங்கள உங்க சென்டர்ல உக்கார வெச்சிக்கிறீங்களா? நாங்க வர்ற வரைக்கும்?"

இதைக் கேட்க ஒன்பது நாளா என்று எரிச்சல் வந்தாலும், கிறிஸ்டினா அன்றே துணை சுகாதார நிலையத்தில் பாய் விரித்தாள். பதினோரு பெண்கள் வந்தார்கள். அனுமதி வாங்கினாயா என்று கேட்டு மேலதிகாரியிடமிருந்து ஒரு கடிதமும் வந்தது.

சௌமியாவுக்கு ஆபரேஷன் செய்துதான் பிரசவம் ஆனது. பெண் குழந்தை, இரண்டு கிலோ. அடுத்த வருடம் அவளைப் பரீட்சை எழுத அனுப்பினால், "மத்த பொண்ணுங்க கெட்டுப்போவாங்க" என்றார் தலைமையாசிரியர்.

"அப்பிடின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், நான் கலெக்டர் ஆபீஸ்ல குடுத்துக்கிறேன்" என்று கிறிஸ்டினா மேஜை மேல் ஒரு தாளை வைத்தாள். அவர் எழுதவில்லை. சௌமியாவுக்கு ஹால் டிக்கெட் கிடைத்தது. பரீட்சை நாட்களில் கோவிந்தம்மாள் லீவு போட்டுவிட்டுப் பேத்தியோடு பள்ளி வாசலில் உட்கார்ந்திருந்தாள். வேதியியலில் தவறி, துணைத்தேர்வில் தேறினாள் சௌமியா. அடுத்த குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்று அவளே வந்து ஊசி போட்டுக்கொண்டாள்.

அந்த வருடம் பாயில் உட்கார்ந்து படித்த பதினோரு பேரில் ஒருத்தியை மட்டும், அரையாண்டு விடுமுறையில் அத்தை வீட்டுக்கு என்று கூட்டிப்போய்க் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். மற்ற பத்துப் பேரைச் சொல்லிப் பில்கிஸ் சமாதானம் செய்யப் பார்த்தாள்.

"பத்து இன்னா பத்து!" என்று கத்திவிட்டு, கிறிஸ்டினா ஸ்கூட்டியை அந்தப் பெண்ணின் வீட்டுப் பக்கம் திருப்பினாள்.